ஏழாம் படியோடு நின்ற ஒப்பந்தம்

1

“அப்ப அந்தச் சிங்கப்பூரையே கட்டிக்கிட்டு இருடா. என் மாடிப்படி எந்த இடத்துல நின்னா ஒனக்கென்ன?”

இந்தக் கதை இப்படித்தான் என் காதில் விழுந்தது. மறைப்பானேன், ஒட்டுக்கேட்டேன். (ஒட்டுக்கேட்டேன் என்பதுகூட மிகைதான். செவந்தி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மாவு மில் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. மில் நின்ற பிறகும் இறங்காது. எங்கள் தெருவில் அவள் வீட்டு விஷயம் தெரியாதவர் யாராவது இருந்தால் காது டாக்டரைப் பார்ப்பது நல்லது.) நான் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை மூன்று முறை பிழிந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமுனையில் அவள் மகன் சிவபிரகாஷ். ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை. அவனும் குரலை உயர்த்திவிட்டான்.

“ஆத்தா, நான் படியப் பத்தி மட்டும் பேசலை. பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டதையே நடத்திவைக்க முடியாத ஊர்ல எதுக்குக் காசக் கொட்டணும்னு கேக்குறேன். மில்லையும் எடத்தையும் வித்துருவோம். திருச்சியில பிளாட்டு பாக்குறேன்.”

“திருச்சியில நாலாவது மாடியில ஒக்காந்துக்கிட்டு நான் என்னத்தடா அரைக்கிறது?”

எனக்குக் கதை கிடைத்துவிட்டது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நோட்டை எடுக்கக் கீழே இறங்கினேன்.

2

முதலில் இந்தக் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

“இலுப்பூரில் செவந்தி என்று ஒரு ஏழை விதவை ——”

அடித்துவிட்டேன். விதவை, சரி. ஏழை இல்லை. கணவன் போனபின் இருபத்திரண்டு வருஷமாகத் தனியாக மில் நடத்துகிறாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் வாசலில் நிற்கும் வரிசை தெருமுனை வரை போகும். ஏழை என்று நான் எழுதியது தெரிந்தால் அடுத்த முறை என் மல்லியில் மிளகாயைக் கலந்து அரைத்துவிடுவாள்.

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் படித்தவர் எழுதியதுபோல் இருந்தது:

“ஒரு நாட்டில் கொடுத்த வாக்கை நடத்திவைக்க எவ்வளவு நாளும் செலவும் ஆகும் என்பதை உலக வங்கி சில காலம் அளந்துவந்தது ——”

இதையும் அடித்தேன். ஆனால் விஷயம் உண்மை. அப்படி ஓர் அறிக்கை வருஷாவருஷம் வந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். சிவபிரகாஷ் அதன் கடைசிப் பதிப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். சண்டைக்கு மறுநாள் காலை. ஒப்பந்தத்தை மீறியவனை வழக்குப் போட்டு வழிக்குக் கொண்டுவரச் சிங்கப்பூரில் நூற்று அறுபத்து நான்கு நாள். இந்தியாவில் ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து நாள். செவந்தி அதை என்னிடம் காட்டினாள்.

“மதினி, இது எந்த ஊருல அளந்தது?”

கண்ணைச் சுருக்கிப் படித்துப் பார்த்தேன். டெல்லியிலும் மும்பையிலும் அளந்திருந்தார்கள்.

“இலுப்பூருல அளக்கலையா?”

“இல்ல.”

“அப்பறம் எப்படி நம்மளப் பத்திச் சொல்றாங்க?” என்று கேட்டுவிட்டு மில்லைப் போட்டாள்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. டெல்லியை அளந்தாயிற்று, மும்பையை அளந்தாயிற்று. இலுப்பூரை யாரும் அளக்கவில்லை. இந்தக் கதை அந்தக் குறையைத் தீர்க்க எழுதப்படுகிறது.

3

இப்போது மாடிப்படி.

கீழே மில். அதன் பின்கட்டில் ஓர் ஒற்றை அறை, அதில்தான் செவந்தி இத்தனை வருஷமும் படுத்து எழுந்தது. மாவுத் தூசியில் தலையணைகூட வெள்ளையாக இருக்கும். மேலே ஒரு வீடு கட்டி ஏறிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு மகன் பணம் அனுப்பினான். மேஸ்திரி உடையப்பன் நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: கார்த்திகைக்குள் படி, கூரை, பூச்சு எல்லாம் முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவதாக.

கார்த்திகை போனது. தை போனது. பங்குனி பிறந்துவிட்டது. மேலே சுவர் மட்டும் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. படியில் ஏழு வரைக்கும் ஆனது. அப்புறம் திரும்புகிற மேடை. அப்புறம் ஆகாயம். செவந்தி அந்த மேடையில் மிளகாய் காயப்போட்டாள். சாயங்காலமானால் என் வீட்டுக் கோழிகள் அங்கே போய் அடைந்தன.

உடையப்பனை இந்தக் கதையின் வில்லனாக்க முயன்றேன். நோட்டில் அவருக்கு முறுக்கிய மீசை, தங்கச் சங்கிலி, ஒரு கனைப்பு எல்லாம் எழுதிவைத்தேன். ஆனால் எதிரே ஆள் வந்து நிற்கும்போது எழுதினது எதுவும் ஒட்டவில்லை. ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டவர். குரலே எழாது. அவருடைய குற்றம் ஒன்றே ஒன்று: யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஆகட்டும்ங்க’ என்பார். அதனால் ஒரே சமயத்தில் ஏழெட்டு வீடு நடக்கும்.

அதாவது, நடக்காது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாந்துச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல. சட்டி இருக்கும்வரை வேலை அவருடையது. வேறு மேஸ்திரி எவரும் உள்ளே கால் வைக்க மாட்டார். எங்கள் பக்கத்துக் கட்டட வேலையில் பத்திரத்தைவிடச் சட்டிக்கு மரியாதை அதிகம்.

செவந்தியின் ஏழாம் படியில் அந்தச் சட்டி நான்கு மாதமாகக் கவிழ்ந்து கிடந்தது. கோழி ஒன்று அதன்மேல்தான் உட்காரும்.

4

பந்தயம் என்று எழுதினால் கதைக்காகச் செய்ததுபோல் இருக்கும். ஆனால் நடந்தது பந்தயம்தான், நான் என்ன செய்ய?

சிவபிரகாஷுக்கும் அங்கே ஒரு வம்பு இருந்தது. தன் அறைக்கு அளவு கொடுத்து ஓர் அலமாரி செய்யச் சொல்லியிருந்தான். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. வந்த அலமாரி கூரையைவிட இரண்டு அங்குலம் உயரம். நிமிர்த்தி வைக்க முடியாமல் நடையில் படுத்துக் கிடந்தது. கடைக்காரன் நீ கொடுத்த அளவுதான் என்கிறான். இவன் இல்லை என்கிறான்.

இதை அவன் எதற்கு அம்மாவிடம் சொன்னான் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முட்டாள்தனம். பெருமைக்குச் சொன்னான். அங்கே இதற்கென்றே சிறு வழக்கு மன்றம் இருக்கிறது, வக்கீலே கூடாது, அவரவர் வழக்கை அவரவர் பேசலாம், கணினியிலேயே மனுப் போடலாம், கட்டணம் பத்து வெள்ளி என்று அடுக்கினான். (வெள்ளி என்றால் அந்த ஊர் டாலர்.)

செவந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, நீ ஒன் அலமாரிய நிமுத்து. நான் என் படிய ஏத்துறேன். எது மொதல்ல முடியுதுன்னு பாப்போம்,” என்றாள்.

“செலவும் பாக்கணும் ஆத்தா.”

“அதையும் பாரு. நீ மொதல்ல முடிச்சுட்டா நீ காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறேன். நான் முடிச்சுட்டா, விக்கிற பேச்சு இந்த வீட்டுல இனி எடுக்கக் கூடாது.”

இடம் செத்துப்போன அப்பா பேரில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஓர் அரிசிக் கடைக்காரர் விலை பேசிக் காத்துக்கொண்டிருந்தார். ஆகவே அவள் வைத்தது சின்னப் பணயம் இல்லை. மில்லை வைத்தாள். தீபாவளி வரிசையை வைத்தாள். தெரு முழுக்கக் கேட்கும் அந்தக் குரலையும் வைத்தாள். திருச்சியில் நாலாவது மாடியில் அப்படிப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.

சித்திரை முதல் நாளிலிருந்து கணக்கு என்று முடிவானது.

5

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். வக்கீல் வந்தால் கதை கனத்துவிடும். ஆனால் வித்து இங்கேதான் விழுந்தது.]

செவந்தி புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறி வக்கீல் பிரகதீஸ்வரியைப் பார்த்தாள். துணைக்கு நானும் போனேன். (அவள் கூப்பிடவில்லை. பேருந்து நிறுத்தத்தில் தற்செயலாக நின்றேன், பையோடு.) பிரகதீஸ்வரிக்கு முப்பது வயதிருக்கும். பத்திரத்தை முன்னும் பின்னும் படித்துவிட்டு மனசில் பட்டதைச் சொன்னாள்.

“கேஸ் போட்டா ஜெயிப்பீங்கம்மா. அதுல சந்தேகமே இல்ல. எப்பன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. தீர்ப்பு வாங்குறது ஏழு படி. அதை நடத்திவைக்கத் திரும்ப மனுப் போடணும், அது மிச்சப் படி.”

செவந்தி எழுந்துகொள்ளப் போனாள். அப்போது அந்தப் பெண் ஒன்று கேட்டாள், சட்டப் புத்தகத்தில் இல்லாத கேள்வி: அந்த மேஸ்திரிக்கு எதற்குப் பயம்?

செவந்தி யோசித்தாள். “திட்டுனா கேட்டுக்குவாரு. அழுதா அவரும் அழுவாரு. போலீசுன்னாலும் ஆகட்டும்ங்கன்னுதான் சொல்லுவாரு. பாராட்டுனா மட்டும் தாங்க மாட்டாரு. நெளிவாரு.”

வக்கீல் சிரித்துவிட்டுக் கட்டணம் வேண்டாம் என்றாள். செவந்தி விடவில்லை. பையிலிருந்து இரண்டு கிலோ குழம்பு மிளகாய்த் தூளை எடுத்து மேசையில் வைத்தாள். திரும்பி வரும் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். உடம்புக்கு ஏதாவதோ என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

அவள் சன்னல் வழியாக வழிநெடுக நின்ற பிளெக்ஸ் பேனர்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, குவைத்திலிருந்து வருகிறவருக்கு வரவேற்பு.

6

வெற்றிசெல்வன் எங்கள் ஊரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேர் முகம் அவன் கணினிக்குள் இருக்கிறது. செவந்தி போய்ச் சொன்னது இவ்வளவுதான்: மேஸ்திரிக்கு நன்றி சொல்லி ஒரு பேனர், பத்துக்கு எட்டு, வைகாசி இருபத்தேழு புதுமனை புகுவிழா.

வீடு முடிந்துவிட்டதா என்று அவன் கேட்டதற்கு, முடிந்தபிறகு நன்றி சொல்ல யாருக்குப்பா நேரமிருக்கிறது என்றாளாம்.

வாசகத்தை வெற்றிசெல்வனே எழுதினான். அந்தக் கலையில் நான் அவனுக்கு உறை போடக்கூடக் காணாது. ‘சொன்ன சொல் தவறாத செம்மல்! கொடும்பாளூர் மூவர் கோயில் கண்ட மண்ணின் மைந்தர்! மேஸ்திரி உடையப்பன் அவர்கள் குறித்த நாளில் கட்டி முடித்து வழங்கும் செவந்தி இல்லம்.’*

உடையப்பன் படத்துக்கு எங்கே போவது? பழைய கோப்பு ஒன்றைத் திறந்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய, உடையப்பன் மகனின் காதணி விழாப் பேனர். மேலே இருந்த வரிகளை மாற்றினான். உடையப்பன் படத்தைப் பெரிதாக்கினான். கீழ் வரிசையை மாற்ற மறந்துவிட்டான்.

கீழ் வரிசையில் பதினொரு பேர், வட்ட வட்டமாக, கைகூப்பியபடி. ‘அன்புடன் வரவேற்கும்: தாய்மாமன் சேவுகன், சித்தப்பா கருப்பன்…’ என்று போகும். எல்லாரும் உடையப்பனின் மச்சான், பங்காளி வகையறா. செவந்திக்குச் சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. அவர்களில் பாதிப் பேர் அவள் மில்லுக்கு வந்ததுகூடக் கிடையாது.

[இங்கே ஒரு வரி விட்டிருக்கிறேன். வேண்டுமென்றே. பிறகு வருகிறேன்.]

சித்திரை இரண்டாம் நாள் காலை பேனர், மில்லின் முன்சுவரில் ஏறியது. பாதிப் படி அதற்குப் பின்னால் மறைந்துபோனது. ரோட்டில் போகிற பேருந்திலிருந்து பார்த்தால் வீடு முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

* மூவர் கோயிலில் இப்போது நிற்பது இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அதற்கு ஆயிரம் வருஷம் பிடித்தது. உடையப்பனின் வீடுகள் அந்த நிலையை முதல் வருஷத்திலேயே எட்டிவிடும்.

7

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். பிளெக்ஸில் கைகூப்பியவர்கள் பதினொருவர். எந்தச் சட்டத்திலும் இதற்குப் பெயர் ஜாமீன் இல்லை. எங்கள் தாலுகாவில் இதற்குப் பெயர் அதுதான்.

தாய்மாமன் சேவுகன்தான் முதலில் மாட்டினார். அவர் சென்ட்ரிங் பலகை வாடகைக்கு விடுபவர். உடையப்பன் கூரை போட வேண்டுமென்றால் பலகை அவரிடமிருந்துதான் வர வேண்டும். டீக்கடைக்குப் போனால், வைகாசியில் விசேஷமாமே, பந்தி உண்டா என்கிறார்கள். பெண் கொடுத்த ஊரிலிருந்து சம்பந்தி போன் போட்டு, எங்களுக்குச் சொல்லாமல் என்ன புதுமனை என்று கோபிக்கிறார். சேவுகன் முதல் நாள் அது நான் இல்லை என்றார். முகம் அவருடையது. இரண்டாம் நாள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றார். அப்படியானால் நீங்கள் வரவேற்கவில்லையா என்று கேட்டார்கள். வரவேற்கவில்லை என்று எந்த மனுஷன் வாய்விட்டுச் சொல்வான்? மூன்றாம் நாள், வாங்க, வந்துருங்க என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கழற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளியூர்க்காரர் கேள்வி. தன் முகம் சிரித்துக்கொண்டிருக்கும் பேனரைத் தானே கிழிக்கிறவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. பிழைப்புக்கு ஆகாது.

பத்து நாள் கழித்து உடையப்பன் வந்தார். நான் அப்போது செவந்தியின் மில்லில் ஒரு படி கேழ்வரகு அரைக்க நின்றிருந்தேன். (வீட்டில் ஏற்கெனவே இரண்டு படி மாவு இருந்தது.)

“அக்கா, அந்தப் பேனர எடுத்துருங்க.”

“ஏன் மேஸ்திரி, பேரு தப்பா இருக்கா?”

“பேரு சரியாத்தான் இருக்கு.”

“போட்டோ நல்லா வரலையா?”

“போட்டோ நல்லா இருக்குக்கா.” ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். “தேதிதான்.”

“அது பஞ்சாங்கத்துல இருக்குற தேதி. நானா போட்டேன்?”

அவர் நெளிந்தார். பேனரைப் பார்த்துவிட்டு மூன்று பேர் புது வீட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒருவர் மணமேல்குடியிலிருந்து, பெரிய வேலை. இந்த வீட்டை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

“தாராளமாக் கூட்டிட்டு வாங்க,” என்றாள் செவந்தி, தவிட்டைத் தட்டிக்கொண்டே. “ஏழு படி வரைக்கும் ஏத்திக் காட்டுவோம். அதுக்கு மேல அவங்களே பாத்து ஏறிக்கட்டும்.”

அவர் போகும்போது ஏழாம் படியில் கிடந்த சாந்துச் சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். கோழி கத்திக்கொண்டு இறங்கியது. நான் அரைக்காத கேழ்வரகோடு வீட்டுக்கு வந்து, அந்த ஒரு வரியை மட்டும் எழுதினேன்: சட்டி நிமிர்ந்தது.

8

இந்த இடத்தில் தடை ஒன்று வர வேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் சொல்வார்கள். மழை, சிமெண்டு விலை, மேஸ்திரிக்கு நெஞ்சுவலி. எதுவும் வரவில்லை. மன்னியுங்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. நல்லபடி நடப்பதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

சேவுகனே டிராக்டரில் பலகையை ஏற்றிக்கொண்டு வந்தார். சித்திரை இருபதில் கூரைக்கும் மீதிப் படிக்கும் கான்கிரீட் போட்டார்கள். அன்றைக்கு பிளெக்ஸில் இருந்த பதினொரு பேரில் ஏழு பேர் நேரில் வந்து, தங்கள் முகத்துக்கு எதிரேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். சித்தப்பா கருப்பன் ஜல்லி அளவு சரியில்லை என்று மேஸ்திரியிடம் சண்டை பிடித்தார். யார் வீடு, யார் கவலைப்படுவது என்று பாருங்கள்.

சிங்கப்பூரிலும் வேலை நடந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிவபிரகாஷ் சித்திரை ஒன்றிலேயே மனுப் போட்டுவிட்டான். கடைக்காரனுக்கு அழைப்புப் போயிற்று. திரையிலேயே உட்காரவைத்துப் பேசினார்கள். யாரும் யாரையும் அலையவிடவில்லை. ஐம்பத்திரண்டாம் நாள் கடைக்காரன் தலையாட்டி, ஆள் அனுப்பி இரண்டு அங்குலம் வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அன்றைக்குச் சிவபிரகாஷ் அம்மாவிடம் பேசிய தோரணையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு ஆத்தா. ஆர்டர் கையில இருக்கு.”

“அலமாரி நிக்கிதா?”

“ஆர்டர் வந்துருச்சுல்ல.”

“எங்கிட்டயும்தான் பத்திரம் இருக்கு. நிக்கிதான்னு கேட்டேன்.”

அலமாரி இன்னும் படுத்துத்தான் கிடந்தது.

வைகாசி இருபத்தேழு, ஐம்பத்தெட்டாம் நாள். விடிகாலையில் நான் குளித்துப் புடவை மாற்றி முதல் ஆளாகப் போய் நின்றேன். சுவருக்கு வண்ணம் அடிக்கவில்லை. சன்னலுக்குக் கண்ணாடி வரவில்லை. ஆனால் படி பதினாறும் இருந்தது. செவந்தி பால் பானையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஒரு கையில் பானை, இன்னொரு கையில் கைபேசி, அதற்குள் மகன். ஏழாம் படியில் ஒரு நிமிஷம் நின்றாள். மூச்சு வாங்கவா என்று கேட்டேன்.

“இல்ல மதினி. இவன் பாக்கட்டும்,” என்று கைபேசியைக் கீழே காட்டி, மேலே காட்டி, எட்டாம் படியில் காலை வைத்தாள்.

பால் பொங்கியது. கீழே தெருவிலிருந்து குலவைச் சத்தம் ஏறி வந்தது. அப்போது திரும்பிப் பார்த்தால், தாய்மாமன் சேவுகன் மேளத்தோடு வருகிறார். பின்னால் பெண்கள் பதினோரு தட்டில் பழமும் பாத்திரமும் புடவையுமாகச் சீர் எடுத்து வருகிறார்கள். செவந்திக்கு அவர் தாய்மாமன் இல்லை, எந்த மாமனும் இல்லை. தாய்மாமன் என்று பத்தடிக்கு எட்டடியில் எழுதி இரண்டு மாதம் தொங்கவிட்ட பிறகு வெறுங்கையோடு எப்படி வருவார்?

உடையப்பனைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் வேட்டி துண்டு கொடுத்தார்கள். கை தட்டினார்கள். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நாளில் ஒரு வீட்டை முடித்திருக்கிறார். அது தனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சிவபிரகாஷின் அலமாரியை வெட்ட ஆள் வந்தது அறுபதாம் நாள்.

9

செலவுக் கணக்கு என்று ஒன்று பாக்கி. அதைப் பார்க்காமல் வெற்றி யாருக்கு என்று சொன்னால் படித்தவர்கள் கோபிப்பார்கள்.

சிங்கப்பூரில் பத்து வெள்ளி. நம் பணத்துக்கு எழுநூறுக்குள் வரும். அதோடு அவன் போட்ட இரண்டு அரைநாள் விடுப்பு. இங்கே பிளெக்ஸ் ஆயிரத்து நூறு, பேருந்துக் கட்டணம், இரண்டு கிலோ மிளகாய்த் தூள். இதுவரைக்கும் தராசு ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. சிவபிரகாஷ் விடவில்லை. நாற்பது பேரைக் கூப்பிட நினைத்த விசேஷத்துக்கு பிளெக்ஸைப் பார்த்து முந்நூறு பேர் வந்து சாப்பிட்டார்களே, அந்தச் சாப்பாட்டையும் வழக்குச் செலவில் சேர்க்க வேண்டும் என்றான்.

செவந்தி மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “ஒன் அலமாரி நிமுந்தப்ப எத்தன பேருடா வந்து சாப்புட்டாங்க?”

யாரும் வரவில்லை. அறையில் கூடத் தங்கியிருக்கிறவன் மட்டும், நடையில் இனிமேல் கால் இடறாது என்று சொன்னானாம்.

“அப்ப அதை ஒன் செலவுல எழுது,” என்றாள்.

இதை எந்த அறிக்கையில் எந்தப் பத்தியில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. முகம் தெரியாதவனுக்கும் அது வேலை செய்யும், அது பெரிய விஷயம்தான். இங்கே முகம் தெரிய வேண்டும், அதுவும் வட்டத்துக்குள் கைகூப்பியபடி. செவந்திக்கு மில் இல்லையென்றால், குரல் இல்லையென்றால், அந்தச் சுவர் ரோட்டைப் பார்க்காமல் ஒரு முட்டுச்சந்தைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதத் தொடங்கி ——

நிறுத்திவிட்டேன். அது வேறு கதை. இன்றைக்கு ஜெயித்தவளின் கதை.

“சரி ஆத்தா. விக்கிற பேச்சு இல்ல,” என்று சிவபிரகாஷ் சொன்னான். ஸ்பீக்கரில். தெருவே கேட்டது.

10

விட்ட வரியை இப்போது எழுதுகிறேன்.

பிளெக்ஸ் அச்சடிக்கும் முன்னால் வெற்றிசெல்வன் அதன் படத்தைச் செவந்தியின் கைபேசிக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னான். அவள் கண்ணாடி இல்லை என்று என்னிடம் நீட்டினாள். நான் பார்த்தேன். கீழே பதினொரு பேரைப் பார்த்தேன். காதணி விழாக் கோப்பு என்று உடனே தெரிந்தது. அந்த விழாவில் நான் மூன்றாம் பந்தியில் சாப்பிட்டவள். சொல்லியிருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ஒரு நப்பாசை. இதைக் கதாசிரியரின் தலையீடு என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர் உண்டு.

குடிபோன வாரத்தில் மனசு கேட்காமல் போய் ஒப்புக்கொண்டேன். மேல்வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“தெரியும் மதினி. கண்ணாடி என் முந்தானையிலதான் முடிஞ்சு கெடந்துச்சு.”

“அப்ப ஏன் என்கிட்ட நீட்டுன?”

“நீ சொல்றியா, சும்மா இருக்கியான்னு பாத்தேன். சும்மா இருந்தேல்ல, அது போதும்.”

ஆக, இந்தக் கதையை எழுதியது நான் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் திருத்திக்கொள்கிறேன்.

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன். ஒன்றில் மகன் சிங்கப்பூரை விட்டுவிட்டு ஊருக்கே வந்து மில்லைப் பார்த்துக்கொள்கிறான். பொய், அவன் வரவில்லை. இன்னொன்றில் வக்கீல் பிரகதீஸ்வரியை அவனுக்குக் கட்டிவைத்தேன். இரண்டு பக்கம் நன்றாகவே வந்தது, அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பது தெரிந்து கிழித்தேன். மூன்றாவது நடந்தது. அடுத்த தையில் சிவபிரகாஷ், சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மணமேல்குடிப் பெண் காவ்யாவைக் கட்டிக்கொண்டான். பெண்ணின் அப்பாதான் உடையப்பனிடம் வீடு கட்டக் கேட்டு, இந்த மாடியை நேரில் பார்க்க வந்தவர். வந்தவர் வீட்டையும் பார்த்தார், சுவரில் இருந்த மாப்பிள்ளை போட்டோவையும் பார்த்தார். கல்யாணப் பேனரின் கீழ் வரிசையில் அதே பதினொரு பேர், கைகூப்பியபடி. இந்த முறை வெற்றிசெல்வன் மறக்கவில்லை. செவந்தி சொல்லித்தான் போட்டான். சேவுகன் சீரோடு வந்தார்.

கல்யாணம் முடிந்து மகனும் மருமகளும் விமானம் ஏறினார்கள். உடையப்பன் வேலை பெருத்து மணமேல்குடிப் பக்கமே குடிபோய்விட்டார். செவந்தியும் இடம்பெயர்ந்தாள்: பதினாறு படி மேலே. இப்போது அவள் போனில் பேசுவது பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிறது.

ஒன்று மட்டும் உங்களிடம் விட்டுவிடுகிறேன், எனக்குப் பிடிபடவில்லை. உடையப்பன் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் செவந்தி வீட்டு மொட்டை மாடியில், அடுத்த மாடிக்கென்று நீட்டிவிட்ட கம்பிகளுக்குப் பக்கத்தில், ஒரு சாந்துச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. என் மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மறந்து வைத்ததா, இடம் பிடித்து வைத்ததா? நீங்களே சொல்லுங்கள். என் கோழி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாயிற்று.